குட்டி விமானத்தின் வயிற்றில் கறுப்புக் கோடு: வெறும் அழுக்கா, எச்சரிக்கையா?

குற்றாலத்தில் சாரல் பெய்யும் மாதங்களில் தென்காசி சாலைகளில் வரிசைகட்டும் வேன், கார்களின் பின்பக்கத்தைக் கவனித்தால் ஒன்று தெரியும். வண்டி முழுக்க மழையில் நனைந்து பளிச்சுனு இருக்கும். சைலன்சர் இருக்கும் மூலையில் மட்டும் கறுப்பாக ஒரு திட்டு. எவ்வளவு மழை பெய்தாலும் அது மட்டும் போகாது. காரணம், அது தூசி இல்லை. பசை போல ஒட்டிக்கொண்ட புகைக்கரி.

காரில் இருந்தால் அது அழகுப் பிரச்சினை. இதே திட்டு ஒரு குட்டி விமானத்தின் அடிவயிற்றில் இருந்தால் விஷயமே வேறு. அது இன்ஜினின் உடல்நிலையைச் சொல்லும் ரிப்போர்ட். சில நேரங்களில் உயிரைக் காப்பாற்றும் எச்சரிக்கையும்கூட.

தென்காசிக்காரர்களுக்கு இது எதற்கு என்று கேட்கலாம். மாவட்டத்தில் விமான நிலையம் இல்லைதான். தூத்துக்குடி வாகைக்குளத்துக்கோ, மலை தாண்டி திருவனந்தபுரத்துக்கோதான் போக வேண்டும். ஆனால் பக்கத்தில் கோவில்பட்டி அருகே உள்ள பழைய ஓடுதளத்தில் விமானப் பயிற்சி மையம் அமைக்கும் திட்டத்தை தமிழக அரசின் டிட்கோ நிறுவனம் முன்னெடுத்திருக்கிறது. இந்தியாவில் கமர்ஷியல் பைலட் உரிமம் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் பெரும்பகுதி இந்தக் குட்டி விமானங்களில்தான். ஒவ்வொரு முறை பறப்பதற்கு முன்பும் விமானத்தைச் சுற்றி வந்து, குனிந்து அதன் வயிற்றைப் பார்ப்பது பயிற்சியின் முதல் பாடங்களில் ஒன்று.

கறை எங்கிருந்து வருது?

பயிற்சிப் பள்ளிகளில் அதிகம் பார்க்கக்கூடிய செஸ்னா 172 போன்ற விமானங்களில் இருப்பது ஜெட் இன்ஜின் அல்ல. காரில் இருப்பது போன்ற பிஸ்டன் இன்ஜின். அதன் புகைக்குழாய் மூக்குப் பகுதியின் அடியில் எட்டிப் பார்க்கும். முன்னால் சுழலும் புரொபெல்லரின் காற்றும், பறக்கும்போது எதிரே வரும் காற்றும் சேர்ந்து, வெளியே வரும் புகையை விமானத்தின் வயிற்றோடு ஒட்டிப் பின்னால் தள்ளுகின்றன. அதனால்தான் கறை வட்டமாக இல்லாமல், மூக்கிலிருந்து வால் நோக்கி நீண்ட கோடாக விழுகிறது.

அடுத்த காரணம் எரிபொருள். இந்த இன்ஜின்கள் பெரும்பாலும் 'ஏவ்காஸ் 100எல்எல்' என்ற விமான பெட்ரோலில் ஓடுகின்றன. இந்தியாவில் சாலை வாகனங்களுக்கான பெட்ரோலில் இருந்து ஈயம் 2000-ம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் ஏவ்காஸில் இன்னும் ஈயம் இருக்கிறது. ஒரு லிட்டருக்கு அதிகபட்சம் 0.56 கிராம். இன்ஜினில் 'நாக்கிங்' வராமல் தடுப்பது அதன் வேலை.

எரிந்த ஈயம் ஸ்பார்க் பிளக்கில் படியாமல் இருக்க, எரிபொருளிலேயே புரோமின் கலந்த ஒரு வேதிப்பொருளும் சேர்க்கப்படுகிறது. அது ஈயத்தோடு சேர்ந்து ஈய புரோமைடாக மாறி, புகையோடு வெளியே வருகிறது. வெளியே வந்ததும் குளிர்ந்து, விமானத்தின் வயிற்றில் சாம்பல் நிறப் பொடியாகப் படிகிறது. ஆக, அந்தக் கோட்டில் இருப்பது வெறும் கரி இல்லை. கரி, எண்ணெய், ஈயம் மூன்றும் சேர்ந்த கலவை.

இந்த எரிபொருளை இந்தியா நீண்ட காலம் இறக்குமதி செய்துவந்தது. 2022 செப்டம்பரில்தான் இந்தியன் ஆயில் நிறுவனம் உள்நாட்டில் தயாரித்த ஏவ்காஸை அறிமுகப்படுத்தியது.

நிறம் சொல்லும் கதை

டாக்டர் நாக்கைப் பார்த்து உடம்பைச் சொல்வது போல, அனுபவமுள்ள மெக்கானிக் கறையின் நிறத்தைப் பார்த்தே இன்ஜினைப் பற்றிப் பாதி சொல்லிவிடுவார்.

- வெளிர் சாம்பல், லேசான பழுப்பு: எரிபொருள் சரியாக எரிகிறது. கவலை வேண்டாம்.
- உலர்ந்த கன்னங்கரேல் கரி: காற்றைவிட எரிபொருள் அதிகமாகப் போகிறது. முழுதாக எரியாத மிச்சம் கரியாக வருகிறது.
- ஈரமான, எண்ணெய் வழியும் கறுப்பு: இன்ஜின் ஆயில் வெளியேறுகிறது. இன்ஜினின் மூச்சுக்குழாய் வழியாகக் கொஞ்சம் வருவது சகஜம். திடீரென்று அதிகமானால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம்.
- நீல நிறம்: இது புகைக் கறையே இல்லை. ஏவ்காஸ் 100எல்எல்-க்கு நீலச் சாயம் கலந்திருப்பார்கள். நீலக் கறை என்றால் எரிபொருள் கசிகிறது என்று அர்த்தம்.
- புகைக்குழாய் இணைப்பில் வெள்ளை அல்லது சாம்பல் கோடு: இருப்பதிலேயே ஆபத்தானது இதுதான். புகை வெளியேற வேண்டிய வாய் வழியாகப் போகாமல், நடுவழியில் கசிகிறது.

அப்படியே விட்டால் என்ன ஆகும்?

முதல் ஆபத்து, அரிப்பு. புகைக் கழிவு ஈரத்தோடு சேர்ந்தால் அலுமினியத்தை மெல்ல அரிக்கும். தகடுகள் சேரும் இடுக்கு, ரிவெட் தலைகள், கீல்கள் போன்ற இடங்களில் தேங்கி, பெயின்ட்டுக்கு அடியில் வேலையைக் காட்டும். வெளியே கறை மாதிரி தெரியும். உள்ளே தகடு பலவீனமாகிக்கொண்டிருக்கும். குற்றாலச் சாரல் மாதிரியான ஈரக் காற்றிலும், தூத்துக்குடி மாதிரியான உப்புக் காற்றிலும் நிறுத்தப்படும் விமானத்துக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

இரண்டாவது ஆபத்து, கார்பன் மோனாக்சைடு. நிறமும் வாசனையும் இல்லாத விஷ வாயு. பல குட்டி விமானங்களில் கேபினுக்கான வெப்பக் காற்று, சூடான சைலன்சரைச் சுற்றிய உறை வழியாகத்தான் வருகிறது. சைலன்சரில் விரிசல் விழுந்தால் அந்தக் காற்றோடு விஷமும் சேர்ந்து உள்ளே வரும். 'நம்ம ஊர் வெயிலுக்கு ஹீட்டர் எதுக்கு?' என்று விட்டுவிட முடியாது. இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தடுப்பின் இடுக்குகள் வழியாகவும் புகை நுழையலாம்.

2019 ஜனவரி 21 அன்று அர்ஜென்டினா கால்பந்து வீரர் எமிலியானோ சாலா பயணித்த பைப்பர் மாலிபு விமானம் ஆங்கிலக் கால்வாயில் விழுந்தது. சாலாவின் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு கலந்த ஹீமோகுளோபின் 58 சதவீதம் இருந்ததைப் பிரிட்டன் விபத்து விசாரணை அமைப்பு கண்டறிந்தது. விமானியும் அதே வாயுவால் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்றது அதன் அறிக்கை. அந்த விமானத்தில் விஷ வாயுவைக் கண்டதும் சத்தமிட்டு எச்சரிக்கும் கருவி இல்லை.

எப்படிச் சுத்தம் செய்வது?

1. முதலில் பாருங்க, அப்புறம் துடைங்க. கறையின் நிறம், நீளம், தொடங்கும் இடம் ஆகியவற்றைப் போட்டோ எடுத்து வைப்பது நல்லது. துடைத்துவிட்டால் ஆதாரமும் போய்விடும்.
2. இன்ஜின் ஆறட்டும். சூடான புகைக்குழாய் கையைப் பொசுக்கும். சூட்டில் தெளித்த சோப்பு நீரும் காய்ந்து புதுக் கறையாகும்.
3. துளைகளை மூடுங்க, மறக்காமல் திறங்க. வேகத்தையும் உயரத்தையும் அளக்கும் துளைகளில் தண்ணீர் போகக் கூடாது. மூடும் உறை பளிச்சென்ற நிறத்தில், தொங்கும் பட்டையோடு இருக்க வேண்டும். 1996 அக்டோபர் 2 அன்று பெரு நாட்டின் லிமாவில், ஏரோபெரு 603 விமானத்தைச் சுத்தம் செய்தபோது அந்தத் துளைகள் மீது ஒட்டிய டேப்பை எடுக்க மறந்துவிட்டார்கள். உயரமும் வேகமும் தவறாகக் காட்ட, இருட்டில் அந்த போயிங் 757 கடலில் விழுந்தது. 70 பேரும் இறந்தார்கள். காரணம் ஒரு துண்டு டேப்.
4. கையுறை கட்டாயம். கறையில் ஈயம் இருக்கிறது. உலர்ந்த கரியைச் சுரண்டிப் பறக்கவிடக் கூடாது. ஈரப்படுத்தித்தான் துடைக்க வேண்டும். முடித்ததும் சாப்பிடும் முன் கையை நன்றாகக் கழுவ வேண்டும்.
5. மென்மையான சோப்பு அல்லது விமானத்துக்கென அங்கீகரித்த கிளீனர். தெளித்து, சில நிமிடம் ஊறவிட்டு, மென்மையான துணியால் துடைக்க வேண்டும். குத்துவிளக்குக்குப் புளி போடுற பழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். காஸ்டிக் சோடா கலந்த கிளீனர் அலுமினியத்தையே தின்றுவிடும். இரும்பு நார் போட்டுத் தேய்த்தால், நுண்ணிய இரும்புத் துகள்கள் தகட்டில் பதிந்து புதிய அரிப்பைத் தொடங்கிவைக்கும்.
6. அலசி, உலர்த்துங்க. இடுக்குகளில் ஈரம் நிற்கக் கூடாது. கழுவிய தண்ணீரை வாய்க்காலில் விடக் கூடாது. அதிலும் ஈயம் இருக்கிறது.

வராமல் தடுக்க முடியுமா?

முழுதாக முடியாது, நிறையக் குறைக்கலாம்.

காற்றும் எரிபொருளும் சேரும் விகிதத்தை மாற்ற விமானியிடம் ஒரு சிவப்புக் குமிழ் இருக்கும். மேலே போகப் போகக் காற்று மெலியும். எரிபொருளையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். தரையில் ஓடும்போதும் குறைத்து வைப்பது கரியையும் பிளக்கில் படியும் ஈயத்தையும் தடுக்கும். எவ்வளவு, எப்போது என்பதை அந்தந்த விமானத்தின் கையேடுதான் சொல்ல வேண்டும். டேக்-ஆஃப் முன் மறுபடி சரியான இடத்துக்குக் கொண்டுவருவதும் கட்டாயம்.

வயிற்றுப் பகுதிக்கு வேக்ஸ் பூசினால் கறை பெயின்ட்டில் ஊறாது. அடுத்த முறை ஈரத் துணியிலேயே வந்துவிடும். வாரக்கணக்கில் விடாமல், பறந்த அன்றே துடைப்பது இன்னும் சுலபம். புகைக்குழாய் இணைப்பு, கேஸ்கெட் ஆகியவற்றைப் பராமரிப்புப் பொறியாளர் குறித்த காலத்தில் பார்க்க வேண்டும். கேபினில் சத்தமிடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் வேண்டும்.

ஈயமே இல்லாத விமான பெட்ரோலுக்கு மாறும் முயற்சியும் நடக்கிறது. அமெரிக்கா 2030-க்குள் அதைச் சாதிக்க இலக்கு வைத்திருக்கிறது. ஈயம் போனாலும் கரி இருக்கும். துடைக்கும் வேலையும் இருக்கும்.

சரி, நம்ம வண்டிக்கு?

பாடம் அதேதான். பைக் சைலன்சர் முனையில் உலர்ந்த கரி அதிகம் என்றால் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். நீலப் புகையும் எண்ணெய்ப் பசையும் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் வந்து சற்று நேரத்தில் நின்றுவிடும் வெள்ளைப் புகை, பெரும்பாலும் வெறும் நீராவி.

குற்றால சீசனுக்குக் காரில் போய், ரூம் கிடைக்காமல் வண்டியிலேயே தூங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்ஜினை ஓடவிட்டு, ஏசி போட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்காதீங்க. மூடிய ஷெட்டில் என்றால் கூடவே கூடாது. சைலன்சரில் கசிவு இருந்தால், சாலாவின் விமானத்துக்குள் வந்த அதே வாயுதான் காருக்குள்ளும் வரும். கறையாவது கண்ணுக்குத் தெரியும். அந்த வாயு தெரியாது.