ஒன்றாம் தேதி மூடிய ஷட்டர்

திருவனந்தபுரத்தில் மாதத்தின் முதல் நாள் கேரள அரசின் பெவ்கோ மதுக்கடைகளின் ஷட்டர் இறங்கியே இருக்கும். சம்பளப் பணம் முதலில் வீட்டுக்குப் போகட்டும் என்ற கணக்கு. ஆனால் முந்தின நாள் சாயங்காலமே வரிசை நீண்டுவிடும்! கதவை மூடினால் ஆசை ஏன் அடங்குவதில்லை?

குடித்த இடம், நேரம், கூட்டாளி, கையில் நோட்டு எல்லாவற்றையும் மூளை மதுவோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. அந்தத் தெருமுனை வந்தாலே டோபமைன் என்ற மூளை ரசாயனம் சுரந்து, ஆசை கிளம்பிவிடும்.

எல்லோருக்கும் ஒரே அளவிலா? இல்லை. சின்னச் சொல்லுக்கும் மனம் கலங்குகிறவருக்குக் குடியை நிறுத்திய பிறகும் பதற்றம் தங்கிவிடுகிறது. நிம்மதி தாமதமாகத்தான் வரும். சட்டென்று முடிவெடுக்கிறவர் மறுபடி குடிக்கு நழுவுவது அதிகம். ஆனால் சுபாவத்தின் மேலேயே பழியைப் போடுவது நம் சோம்பேறித்தனம்.

வியட்நாம் போரில் அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமையானார். 1970-களில் ஆய்வாளர் லீ ராபின்ஸ் இதை ஆராய்ந்தபோது, ஊர் திரும்பிய முதல் ஆண்டில் அவர்களில் சுமார் 5 சதவீதம் பேரே மறுபடி அடிமையாகியிருந்தார்கள். ஆள் அதே ஆள்தான். போர்க்களமும் கூட்டாளிகளும்தான் அவரோடு வரவில்லை.

குடிப்பழக்கச் சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவருக்கோ எதுவும் மாறியிருக்காது. அதே கடன், அதே சண்டை, பஸ்ஸை விட்டு இறங்கினால் அதே வரிசை. அதனால்தான் நல்ல ஆலோசகர் மருந்துச் சீட்டோடு நிறுத்தாமல், “எந்த ஸ்டாப்பில் இறங்குவீர்கள்?” என்றும் கேட்கிறார்.