சூலியா தெருவில் ஒரு காலைப் பாடம்

"அக்கா, அந்தத் தாத்தாகிட்ட மலாய்ல கேட்கவா, தமிழ்ல கேட்கவா?"

சூலியா தெருவில் நாகூர் தர்கா வாசலில் நின்றபடி ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள். சற்றுத் தள்ளி, நாணய மாற்றுக் கடையின் முன்னால் சொங்கோக் அணிந்த பெரியவர் ஒருவர் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். நான் வாய் திறப்பதற்குள் அவரே பதில் சொல்லிவிட்டார்.

"தமிழ்லயே கேளு தாயி. நான் என்ன ஜப்பான்காரனா?"

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. கூடவே கொஞ்சம் வெட்கமும் வந்தது. ஏனென்றால் அவள் கேட்காமல் இருந்திருந்தால் நானே அவரிடம் மலாயில்தான் பேச்சைத் தொடங்கியிருப்பேன்.

பினாங்குத் தீவில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியில்தான் நானும் ஆறாண்டு படித்தேன். இடைநிலைப்பள்ளி முழுவதும் மலாய். இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. பள்ளியின் பழைய ஆசிரியை ஒருவர் சில வாரங்களுக்கு முன் புலனத்தில் செய்தி அனுப்பியிருந்தார்: "ஐந்தாம் ஆண்டு மாணவர்களைச் சூலியா தெருவுக்கு அழைத்துப் போகிறோம், உதவிக்கு வர முடியுமா?" பேருந்துச் செலவைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஏற்றுக்கொண்டது. வகுப்பில் இருப்பதே 14 பேர் என்பதால் சிறிய பேருந்தே போதுமானதாக இருந்தது.

பதாகையைப் பிடித்துப் படம் எடுக்காமல் நம் பள்ளிகளில் எந்த நிகழ்ச்சியும் தொடங்காது. நாங்களும் எடுத்தோம். அதன் பிறகுதான் வேலை ஆரம்பமானது.

மாணவர்கள் நான்கு குழுக்களாகப் பிரிந்தார்கள். ஒரு குழு தமிழ் எழுத்து உள்ள பெயர்ப்பலகைகளை எண்ண வேண்டும். இன்னொரு குழு மசாலைக் கடைகளில் மல்லி, சீரகம், மிளகு விலையைக் கேட்டு, 250 கிராமுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட வேண்டும். மூன்றாவது குழுவின் கையில் அளவு நாடா. கடைவீடுகளின் முன்னால் இருக்கும் அஞ்சடி உண்மையிலேயே ஐந்து அடிதானா என்று அளந்து பார்ப்பது அவர்கள் பொறுப்பு. ஓரிடத்தில் ஏழடி இருந்தது. இன்னோர் இடத்தில் மோட்டார் சைக்கிள்களும் காலி எரிவாயுத் தோம்புகளும் போக ஓரடிகூட மிஞ்சவில்லை. அதையும் ஒரு மாணவன் "1 அடி" என்று நேர்மையாக எழுதிக்கொண்டான். நான்காவது குழு, பெரியவர்களிடம் பேசும் குழு. அதற்குத்தான் நான் பொறுப்பு.

அந்தப் பெரியவரின் பூர்வீகம் இராமநாதபுரம் பக்கம். பிறந்தது இங்கேதான். பிள்ளைகள் எழுதி வந்த கேள்விகளில் இரண்டைத் தாண்டுவதற்குள் அவரே பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார். "கிங் ஸ்ட்ரீட்டை நாங்க படகுக்காரத் தெருன்னு சொல்லுவோம். மார்க்கெட் ஸ்ட்ரீட்டு, கடைத்தெரு. பலகையில என்ன பேரு இருந்தா என்ன, நம்ம வாயில இருந்த பேரு அதுதான்." பிள்ளைகள் குறிப்பேட்டில் எழுதியதை வாங்கி, கண்ணாடியை உயர்த்திக்கொண்டு படித்தார். படகுக்கார என்பதில் 'க்' விட்டுப் போயிருந்ததைத் திருத்திக் கொடுத்தார். "நானும் தமிழ்ப் பள்ளிக்கூடத்துலதான் படிச்சேன்" என்றார்.

"உங்க பேரப்பிள்ளைங்க எந்தத் தமிழ்ப்பள்ளி தாத்தா?" என்று ஒருவன் கேட்டான்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. "அவங்க தேசியப் பள்ளி. தமிழ் புரியும், எழுத வராது" என்றார். பிறகு, "ஒங்க கேள்வி முடிஞ்சுதா?" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

பிரான்சிஸ் லைட் 1786-இல் இத்தீவில் இறங்கியபின் வகுத்த முதல் தெருக்களில் ஒன்று இது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களைத்தான் சூலியா என்றார்கள். தர்காவிலிருந்து சில நிமிட நடையில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் குயின் தெரு மகா மாரியம்மன் கோயிலும் வந்துவிடும். ஃபார்க்குவார் தெருவும் தூரமில்லை. 1816 அக்டோபர் 21-இல் பாதிரியார் ஹட்சிங்ஸ் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூலின் பழைய கட்டடம் அங்கேதான், இப்போது அருங்காட்சியகமாக நிற்கிறது. அப்பள்ளியின் தமிழ் வகுப்பையே இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொண்டு, 2016-இல் 200-ஆம் ஆண்டைக் கொண்டாடினோம். அப்போது நான் ஐந்தாம் ஆண்டு. மேடையில் பாடினேன். ஆனால் அந்த இடம் எங்கே இருக்கிறது என்று யாரும் காட்டவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அடுத்த ஆண்டு யூ.பி.எஸ்.ஆர். தேர்வு; மாதிரித் தாள்களிலேயே காலம் போய்விட்டது. அத்தேர்வு 2021-இல் அகற்றப்பட்டது. அதைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம், ஆனால் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு காலைப் பொழுதைத் தெருவில் கழிக்க நேரம் கிடைத்திருப்பது அதனால்தான் என்று ஆசிரியை சொன்னார்.

பேருந்தில் திரும்பும்போதுதான் ஒன்று உறைத்தது. மூன்று மணி நேரம் அங்கே இருந்தோம். சுற்றுப்பயணிகளைப் பார்த்தோம், கடைக்காரர்களைப் பார்த்தோம், வேலைக்கு வந்திருந்த தமிழ்நாட்டு இளைஞர்களைப் பார்த்தோம். நாங்கள் அழைத்துப் போனவர்களைத் தவிர வேறு பிள்ளைகள் எங்கள் கண்ணில் படவேயில்லை.

அதற்கான விளக்கம் இரண்டு வாரம் கழித்துப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் கிடைத்தது. பிள்ளைகள் சேகரித்ததையெல்லாம் மணிலா அட்டைகளை ஒட்டி ஒரு பெரிய வரைபடமாக்கி, பெற்றோர் தினத்தன்று சுவரில் மாட்டியிருந்தார்கள். ஒரு மாணவனின் பாட்டி வெகுநேரம் அதன் முன்னால் நின்றார். பிறகு ஒரு கடையின் மேல்மாடியில் விரலை வைத்தார். "இங்கதான் இருந்தோம். ஒரே அறை, எட்டுப் பேரு. ஒங்கப்பன் நடந்தே பள்ளிக்கூடம் போவான்."

1948-க்கு முன் கட்டப்பட்ட வீடுகளின் வாடகையைச் சட்டம் கட்டுப்படுத்தி வைத்திருந்த காலம் அது. அந்தச் சட்டம் 1997-இல் நீக்கப்பட்டு, அவகாசம் 1999 இறுதியோடு முடிந்தது. 2000 ஜனவரியிலிருந்து வாடகையை உரிமையாளர்களே முடிவு செய்தார்கள். பழைய நகரில் குடியிருந்த பல குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்குப் போயின. சில கடலைத் தாண்டிப் பட்டர்வொர்த், பிறை பக்கம் போயின. 2008-இல் ஜார்ஜ்டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகராக அறிவித்தபோது கட்டடங்கள் காப்பாற்றப்பட்டன. அதற்குள் அந்தப் பாட்டியின் குடும்பம் ஆயர் ஈத்தாமுக்குப் போய் எட்டு வருடமாகியிருந்தது.

நாடு முழுவதும் தமிழ்ப்பள்ளி மாணவர் எண்ணிக்கை ஒரு காலத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது. இப்போது எண்பதாயிரத்தை ஒட்டி நிற்கிறது. பிறப்பு குறைந்தது ஒரு காரணம், பெற்றோர் வேறு பள்ளியைத் தேர்ந்தெடுப்பது இன்னொரு காரணம். வீடு மாறிய குடும்பத்துக்குப் பக்கத்தில் தமிழ்ப்பள்ளி இல்லாததும் ஒரு காரணம் என்பதை நாம் போதிய அளவு பேசுவதில்லை என்றே எனக்குப் படுகிறது. நடந்து போகக்கூடிய பள்ளியும், மாதம் தவறாமல் வேன் கட்டணம் கேட்கும் பள்ளியும் ஒரு தாய்க்கு ஒன்றல்ல.

அன்று மாலை வரை பாட்டி போகவில்லை. அவரைச் சுற்றி இன்னும் நாலைந்து பெரியவர்கள் சேர்ந்துகொண்டார்கள். இட்லிக் கடை எங்கே இருந்தது, எந்தச் சந்தில் தண்ணீர்க் குழாய் இருந்தது என்று ஒருவரை ஒருவர் மறுத்துப் பேசினார்கள். பிள்ளைகள் ஒட்டுத்தாள்களில் எழுதி எழுதி ஒட்டினார்கள். வரைபடத்தில் கடைகளைவிட ஒட்டுத்தாள்கள் அதிகமாகிவிட்டன. பள்ளிக் காவலர் விளக்கை அணைக்க வந்தபோதும் குழாய் எந்தச் சந்தில் இருந்தது என்ற வழக்கு தீரவில்லை.

மறுநாள் ஆசிரியை புலனத்தில் ஒரு படம் அனுப்பியிருந்தார். நாணய மாற்றுக் கடை இருந்த இடத்தில், குண்டு எழுத்தில் யாரோ புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள்: "இந்தத் தாத்தா தமிழ் பேசுவார்."