‘கேக்குதா மச்சி?’

‘‘ஹலோ... ஹலோ... கேக்குதா? மச்சி, நீ மியூட்ல இருக்கே!’’

இந்த டயலாக்கைக் கேட்காத காலேஜ்வாசி யாராவது இருக்கீங்களா? கையைத் தூக்குங்க பார்ப்போம்!

ஃபைனல் இயர் இன்டர்ன்ஷிப்பை எங்க டீம் வீட்டில் இருந்தபடியே செய்தது. மொத்தம் அஞ்சு பேர், அஞ்சு ஊர். மீட்டிங்கை எந்த சாஃப்ட்வேரில் போடுவது என்று முதல் நாளே பட்டிமன்றம். ஒருத்தன் ஜூம் என்றான். ஒருத்தி கூகுள் மீட் என்றாள். நான் ஜிட்சி என்றேன், யாருமே கண்டுக்கலை. கடைசியில், முதுகுக்குப் பின்னாடி பீச் படம் சூப்பரா வருதேன்னு ஜூமை ஓகே பண்ணினோம். சிரிக்காதீங்க பாஸ், நிஜம்!

வந்தது வினை. இலவசக் கணக்கில் 40 நிமிஷம் ஆனதும் மீட்டிங் ‘டமால்’ என்று கட் ஆகும். மீட்டில் மூணு பேரோ அதுக்கு மேலோ சேர்ந்தால் 60 நிமிஷம், டீம்ஸிலும் அதே 60. இந்தக் கணக்கை முன்னாடியே பார்க்கலை. அதுகூடப் பரவாயில்லை, திரும்ப லிங்க் போட்டுக்கலாம்.

பெரிய சொதப்பல் வேற. எங்க டீமிலேயே கோடிங்கில் கில்லாடி, தேனிப் பக்கத்து கிராமத்துப் பொண்ணு. மீட்டிங்கில் வாயே திறக்கலை. பாதியில் காணாமல் போயிடுவாள். ‘‘இன்ட்ரெஸ்ட் இல்லைபோல’’ன்னு கைடிடமே ஒருத்தன் போட்டுக் கொடுத்துட்டான். சர்ட்டிஃபிகேட்டுக்கே ஆபத்து. பதறிப்போய் போன் பண்ணினேன்.

‘‘ஒருநாளைக்கு ஒன்றரை ஜி.பி. தான்பா. உங்க நாலு பேர் மூஞ்சியைப் பார்த்தே தீர்ந்துடுது. அதுக்கப்புறம் கோடை எப்படி அனுப்ப?’’

சுருக்னு குத்துச்சு. உட்கார்ந்து கணக்கு போட்டேன். ரெண்டே பேர் தெளிவான வீடியோவில் பேச, போக 600 கே.பி.பி.எஸ்., வர 600 வேணும்னு ஜூமே சொல்கிறது. ஒரு மணி நேரத்துக்கு 540 எம்.பி.! குரல் மட்டும்னா அதிகபட்சம் 80 போதும். போக, வர ரெண்டையும் சேர்த்தாலும் 72 எம்.பி.யைத் தாண்டாது. இன்னொரு மேட்டர், நம்ம கேமராவை மட்டும் மூடினால் பத்தாது. மத்தவங்க வீடியோ பாட்டுக்கு வந்து இறங்கிக்கிட்டே இருக்கும்.

மறுநாளே மீட்டுக்கு மாறினோம். எல்லோர்கிட்டேயும் ஜிமெயில் இருந்தது, ஆளாளுக்குப் புதுசா அக்கவுன்ட் தேவைப்படலை. 60 நிமிஷம் எங்களுக்கு தாராளம். அஞ்சு பேர் கேமராவும் ஆஃப். தேவைப்பட்டால் மட்டும் ரெண்டு நிமிஷம் ஸ்கிரீன் ஷேர். பேசி முடித்த விஷயங்களை நாலு வரியில் டைப் பண்ணி எங்க குரூப்பில் போட்டுடுவோம். 2025 மே மாசம் ஸ்கைப்பையே இழுத்து மூடிட்டாங்க, அதனால் எந்த ஆப்பையும் நம்பி குறிப்புகளை உள்ளேயே விட்டு வைக்கிறதில்லை. பீச் படம் போச்சேன்னு ஒருத்தனுக்கு மட்டும் இன்னமும் வருத்தம்!

அன்னிக்கு மீட்டிங்கில் அவள்தான் முதலில் பேசினாள்.

‘‘லாகின் பக்கத்துல ஒரு பக் இருக்கு. தப்பான பாஸ்வேர்டு போட்டாலும் உள்ளே விடுது. ரெண்டு வாரமா சொல்லணும்னு பார்க்கிறேன்...’’

நாங்க நாலு பேரும் கப்சிப். யாரும் மியூட்ல இல்லை!