மறுபடியும் அதே கால்!

கபடி ஆடுகிறீர்கள். பிடிக்க வந்தவரிடமிருந்து துள்ளி விலகித் தரையில் காலை ஊன்றும்போது பாதம் உட்பக்கமாகப் புரண்டுவிடுகிறது. சுரீர் என்று வலி. சற்று நேரத்தில் கணுக்கால் வீங்கிவிடுகிறது. "வெறும் சுளுக்குதானே, எண்ணெய் போட்டு உருவிவிட்டால் போய்விடும்" என்கிறார் பாட்டி. சில நாட்களில் வலியும் போய்விடுகிறது. மறுபடி ஆட இறங்குகிறீர்கள். மறுபடியும் அதே கால் புரள்கிறது! ஏன்?

உங்கள் கணுக்காலைத் தொட்டுப் பாருங்கள். இருபுறமும் எலும்பு புடைத்திருக்கிறதல்லவா? இவ்விரு புடைப்புகளுக்கும் நடுவே, கிடுக்கியில் பிடித்ததுபோல, தாலஸ் என்னும் எலும்பு பொருந்தியிருக்கிறது. இதன் மீது ஒரு தசைகூட ஒட்டியிருக்கவில்லை என்பது வியப்பான செய்தி. இதன் முன்பகுதி அகலமானது, பின்பகுதி குறுகியது. பாதத்தை மேல்நோக்கி மடக்கினால் அகலமான பகுதி ஆப்புப்போல இறுகிக்கொள்ளும். நுனிக்காலில் நிற்கும்போதோ குறுகிய பகுதி கிடுக்கிக்குள் வருவதால் மூட்டு சற்றுத் தளர்ந்துவிடும். துள்ளிக் குதிப்பவர் பெரும்பாலும் நுனிக்காலில்தானே தரையிறங்குகிறார்!

அந்த நேரத்தில் மூட்டைக் காக்கும் பொறுப்பு தசைநார்களின் மேல் விழுகிறது. எலும்பை எலும்போடு கட்டிவைக்கும் பட்டைகள் இவை. வீட்டில் 'ஜவ்வு' என்பார்கள்; மருத்துவர் 'லிகமென்ட்' என்பார். (தசையை எலும்போடு இணைப்பது தசைநாண். தேர்வில் குழப்பிக்கொள்ளாதீர்கள்!) கணுக்காலின் உட்புறத்தில் முக்கோண வடிவில் வலிமையான ஒரு பட்டை உண்டு. வெளிப்புறத்தில் இருப்பவை மூன்று தனித்தனி நார்கள். அவற்றுள் முன்னால் இருப்பது மெலிந்தது. பாதம் உட்பக்கம் புரளும்போது பெரும்பாலும் அதுதான் முதலில் கிழிகிறது. சில இழைகள் மட்டும் நைந்தால் லேசான சுளுக்கு. முழுவதும் அறுந்துபோனால் மூட்டே ஆட்டம் காணும்.

அடிபட்டவுடன் உருவிவிடுவது தவறு. கிழிந்த நுண் இரத்தக் குழாய்களிலிருந்து இன்னும் இரத்தம் கசிந்து வீக்கம் கூடும். கட்டுப் போட்டுக் காலை உயர்த்தி வையுங்கள். பனிக்கட்டி ஒத்தடம் வலியைக் குறைக்கும், கிழிந்ததை ஒட்டவைக்காது. நான்கு அடி நடக்க முடியவில்லை, அல்லது புடைப்பு எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் வெளியிட்ட விதிகளில் இவையும் உண்டு. உங்கள் வயதில் இன்னொரு காரணமும் இருக்கிறது. வளரும் எலும்பின் முனைக்கருகே குருத்தெலும்பு அடுக்கு ஒன்று உண்டு. சில வேளைகளில் தசைநார் கிழியாமல் அந்த அடுக்கே விலகிவிடும்.

கிழிந்த நார் எப்படிச் சேர்கிறது? கொலாஜன் என்ற புரத இழைகள் அங்கே உருவாகின்றன. முதலில் அவை மெல்லியவையாக, தாறுமாறாகப் பின்னிக் கிடக்கும். காலின் மேல் சிறிது சிறிதாகப் பாரம் விழ விழ, இழுவிசையின் திசையில் வரிசையாகி வலுப்பெறும். இதற்கு மாதக்கணக்கில், ஓராண்டுகூட ஆகலாம். வலியோ அதற்கு வெகு முன்பே விடைபெற்றுவிடுகிறது!

சரி, நார் சேர்ந்த பிறகும் சிலருக்குக் கால் புரள்கிறதே? தசைநார் வெறும் கயிறு அன்று; அதனுள் உணர்வு நரம்பு முனைகள் இருக்கின்றன. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற செய்தியை அவை இடைவிடாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். நார் கிழியும்போது இந்தச் செய்திப் போக்குவரத்தும் குலைகிறது. பாதம் புரளத் தொடங்கியதைத் தசைகள் உரிய நேரத்தில் அறிவதில்லை என்று இங்கிலாந்து மருத்துவர் ஃப்ரீமனும் அவருடைய குழுவினரும் 1965இல் விளக்கினார்கள். சமநிலைப் பயிற்சி தந்தால் இக்குறை குறைவதையும் காட்டினார்கள்.

முன்பு சுளுக்கிக்கொண்ட கால் உங்களுக்கு இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். சுவரருகே ஒற்றைக் காலில் நின்று கண்களை மூடுங்கள். எத்தனை விநாடி நிற்க முடிகிறது? இப்போது மறு காலில் நின்று பாருங்கள். பழைய சுளுக்குக் கால் விரைவில் தள்ளாடினால், வலி நின்ற பிறகு, தினமும் பல் துலக்கும்போது அந்தக் காலில் நின்று பழகுங்கள். முதலில் கண்ணைத் திறந்துகொண்டு. சில வாரம் சென்றபின் மடித்த போர்வையின் மேல். தம்பி தங்கைகள் கொக்கு என்று கேலி செய்வார்கள், செய்துவிட்டுப் போகட்டும்.