பாண்டி என்றால் யார்?

1994-இல் ஒரு மாலை. பள்ளிக்கூடப் பையோடு எங்கள் திருச்சூர் பாத்திரக் கடைக்கு வந்த மகன், "பாண்டின்னா கெட்ட வார்த்தையாப்பா?" என்று கேட்டான். கண் சிவந்திருந்தது. "நம்ம ஊர்க்காரங்களைச் சொல்றதுடா" என்று சமாளித்தேன். முழுப் பதிலைத் தேடப் பல வருஷம் ஆயிற்று.

முதலில் ஒரு வேடிக்கை. நான் வந்தவாசிக்காரன், பழைய கணக்குப்படி தொண்டை மண்டலம். பாண்டிய நாட்டோடு எனக்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனால் மலையாளிக்கு மலைக்குக் கிழக்கே எல்லாம் பாண்டிதான். ஆரியங்காவு வழியாகவோ குமுளி வழியாகவோ இறங்கினால் முதலில் கால் படுவது பாண்டிய நாட்டில். பக்கத்து நாட்டின் பெயரே அதற்கு அப்பால் உள்ளவர்களுக்கும் ஆகிவிட்டது. வடக்கே நம் எல்லோரையும் 'மதராஸி' என்பது போலத்தான்.

வெறும் ஊர்ப்பெயர் ஏச்சானது எப்படி? என் கணிப்பு இது. மலை தாண்டி வந்தவர்களில் பலர் மூட்டை தூக்கவும் ரோடு போடவும் வந்தவர்கள். அவர்கள் வேட்டி அழுக்கு அந்தப் பெயரிலும் ஒட்டிக்கொண்டது. தமிழ்நாட்டு லாரி 'பாண்டி லாரி' ஆயிற்று. 2005-இல் வந்த 'பாண்டிப்பட' என்ற மலையாளப் படத்துக்குத் தியேட்டரே சிரித்தது. ஆனால் 2011 டிசம்பரில், முல்லைப் பெரியாறு தகராறு முற்றியபோது, அதே சொல்லைத் தெருவில் கேட்டுக் கடை ஷட்டரைப் பாதி இறக்கினேன்.

நம் பக்கம் இதே சொல்லுக்கு எத்தனை முகம்! மதுரைப் பக்கம் பாண்டி முனீஸ்வரரை வேண்டிப் பிள்ளைக்கு வைக்கும் பேர். சென்னையில் "பாண்டி போறேன்" என்றால் புதுச்சேரி. கட்டம் கீறிச் சிறுமிகள் நொண்டியடிப்பதும் பாண்டி.

நாம் மட்டும் யோக்கியமா? நான் சமணன் என்றதும் நம்மவர்களே "ஓ, சேட்டா?" என்பார்கள். வீட்டில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசுகிறவன் நான்! திருச்சூரிலும் "சேட்டா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். இங்கே அதற்கு அண்ணன் என்று பொருள்.

மகனுக்கு இன்னொன்றும் சொன்னேன். பூரத்தன்று வடக்குநாதன் கோயில் இலஞ்சி மரத்தடியில், அதாவது நம் மகிழ மரத்தடியில், கொட்டுவது பாண்டி மேளம். ஏழு அட்சரத் தாளம். பொதுவாக மதிலுக்கு வெளியே கொட்டவேண்டிய மேளத்தை இந்த ஊர் உள்ளே வைத்துக் கொண்டாடுகிறது.

போன பூரத்துக்குப் பக்கத்துக் கடை மலையாளி வாசலில் நின்று கத்தினார்: "வேகம் வா, பாண்டி தொடங்ஙி!" மகன் கல்லாவைப் பூட்டிவிட்டு ஓடினான்.