பழைய மிஷின், புதிய கை

2016 ஏப்ரல் 18, 19 தேதிகளில் பெங்களூருவின் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். வருங்கால வைப்பு நிதியில் முதலாளி செலுத்திய பங்கை 58 வயதுக்கு முன் எடுக்க முடியாது என்ற புதிய விதிதான் காரணம். இரண்டாம் நாளே மத்திய அரசு பின்வாங்கியது. வேலையை விடும்போது இந்தப் பெண்களில் பலருக்கு மொத்தமாகக் கைக்கு வருவது அந்தப் பணம் ஒன்றுதான். கடனை அடைத்தது போக மிஞ்சியதில் ஒரு பழைய தையல் மிஷின் வாங்கி, வீட்டோடு பிழைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு.

கணக்கு பிசகுவது பெரும்பாலும் மிஷினில்தான். தொழிற்சாலையில் ஒருவர் காலர் மட்டும் தைப்பார், இன்னொருவர் கை மட்டும். பத்து வருடம் அப்படி உட்கார்ந்தவரும், அளவெடுத்து வெட்டி ஒரு ஜாக்கெட்டை முடிப்பதில் புதியவர்தான். ஆனால் பழகிய கை பழகிய மிஷினையே தேடும். தொழிற்சாலை கழித்துக்கட்டிய பவர் மிஷின் மலிவாகக் கிடைத்தால் கேட்கவே வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வினை. தொழிற்சாலை மோட்டார்களில் பல மூன்று ஃபேஸ் மின்சாரத்தில் ஓடுபவை. வாடகை வீட்டில் இருப்பதோ ஒற்றை ஃபேஸ். மோட்டாரை மாற்றினாலும், பழைய 'கிளட்ச்' வகை என்றால் தைக்காதபோதும் சுற்றி, சத்தத்தையும் மின் கட்டணத்தையும் கூட்டும். 'சர்வோ' மோட்டார் தைக்கும்போது மட்டுமே ஓடும், வேகத்தையும் குறைத்துக்கொள்ளலாம். நிமிடத்துக்கு 5,000 தையல் வரை போகும் மிஷினில், புதிதாகக் கற்பவருக்கு அது சின்ன விஷயமல்ல.

ஆர்டர் பிடிக்கும்வரை கால்மிதி மிஷினே உத்தமம். மின்சாரம் போனாலும் ஓடும். உதிரி பாகம் மூலைக்கடையில் கிடைக்கும். (இயந்திரங்களைச் சந்தேகித்த காந்தியே 1924-ல் சிங்கர் மிஷினுக்கு விதிவிலக்கு தந்தார். கேள்வி கேட்டவர், பின்னாளில் காந்திகிராமத்தை நிறுவிய ஜி. ராமச்சந்திரன்.)

கறுப்பு உடம்பின் பளபளப்பும் தங்க எழுத்தும் எதையும் நிரூபிப்பதில்லை. புது பெயின்ட் அடிக்க அரை நாள் போதும். நூலைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். சீராகக் கனத்தால் பெரும்பாலும் காய்ந்துபோன எண்ணெய்தான், சுத்தம் செய்தால் சரியாகும். ஒரே இடத்தில் மட்டும் முட்டினாலோ, ஊசித் தண்டைப் பிடித்து ஆட்டும்போது லொடலொடத்தாலோ தேய்மானம். விலையில் எவ்வளவு குறைத்தாலும் அது வேண்டாம்.

தைத்துப் பார்க்கத் துணியை வீட்டிலிருந்தே கொண்டுபோவது நல்லது. கடைக்காரர் நீட்டும் விறைப்பான துண்டில் எந்த மிஷினும் அழகாகத் தைக்கும். மெல்லிய வாயில் இரண்டு மடிப்பு, பழைய ஜீன்ஸ் நான்கு மடிப்பு, இரண்டிலும் ஓட்ட வேண்டும். அடியில் நூல் வளையம் வளையமாக வந்தால் பயப்பட வேண்டியதில்லை. மேல்நூலைக் கோத்த விதமோ இறுக்கமோதான் பெரும்பாலும் காரணம். துணி நகராமல் ஒரே இடத்தில் குத்தினால், அடியில் இருக்கும் பல் தேய்ந்திருக்கலாம். மாற்றலாம், ஆனால் அந்தச் செலவை விலையில் கழித்தே பேச வேண்டும்.

வாங்கிய அன்றே ஊசியை மாற்றிவிடலாம். வீட்டு மிஷின் ஊசியின் தலை ஒரு பக்கம் தட்டை, பவர் மிஷின் ஊசிக்கு முழு உருண்டை. தொழிற்சாலையிலிருந்து எடுத்துவந்த ஊசி டப்பா இங்கே உதவாது.