நிழலில் பூக்கும் கச்சோலம்

அடர்ந்த மரநிழலில் புல் நிலைப்பதில்லை. வெற்றுநிலத்தில் பெருமழை விழுந்தால் மேல்மண் கரைந்தோடும். வேர்கள் வெளிப்பட்டு மரமும் நலியும். பள்ளித் தோட்டங்களில் இதனைத் தடுக்க உதவுவது கச்சோலம். மலாய்க்காரர் இதனைச் 'செக்கூர்' என்பர். இளந்தளிரை உலாமாக உண்பர்.

இஞ்சிக் குடும்பத்ததாகிய இதன் அகன்ற இலைகள் தரையோடு படிந்து, மழைத்துளியின் அடியைத் தாமே தாங்குகின்றன. ஊதாப் புள்ளியிட்ட வெண்மலர்கள் ஒருநாளில் வாடினும் அடுத்தடுத்து மலரும்.

முளையுள்ள கிழங்குத் துண்டுகளை ஒரு சாண் இடைவெளியில், 2 அங்குல ஆழத்தில், இலைமட்கு கலந்த மண்ணில் ஊன்றுக. மரவேரை வெட்டலாகாது. நீர் தேங்கினால் கிழங்கு அழுகும். இலைகள் நிலத்தை மூடும்வரை களையெடுத்தாற் போதும். மிதிபடும் வழியில் நடவேண்டா. நெடுவறட்சியில் இலைகள் மடிந்து கிழங்கு உறங்கும். பட்டுப்போயிற்றென்று தோண்டி எறியற்க. மழை வந்ததும் தளிர்க்கும்.

விரைந்து படருமென்று மஞ்சட்பூ வெடேலியாவை நாடுவோர் உளர். அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்த அது, வேலி தாண்டிப் பிற செடிகளை அடக்கிவிடும். கச்சோலமோ நட்ட இடத்தைவிட்டு அகலாது.

ஆசிரியர்க்கு மற்றுமொரு பயன் உண்டு. கணுவும் மொட்டும் உடைமையால் இக்கிழங்கு வேரன்று, தண்டே என்பதை மாணவர் தம் கையாலேயே தொட்டறியலாம்.